பக்கத்து நாட்டுப் பிள்ளை

"பாஞ்சூல் என்ன நிலாவிலயா இருக்கு? இதோ, ரெண்டு நாடு தள்ளி! அங்கேயிருந்து வர முடியலையாம் மூத்த பிள்ளையால!"

எபுன் சித்தியின் குரல் தெரு வரை கேட்டது. கூடத்தில் அவள் அக்காவின் சவப்பெட்டி, இன்னும் மூடாமல்.

"மெதுவா பேசுங்க சித்தி," என்றாள் மொடுப்பே. இறந்தது அவள் அம்மா. "நேர் விமானம் வாரத்துக்கு ஒண்ணுதான். இல்லேன்னா மொராக்கோ வரைக்கும் மேல போய், திரும்ப நம்ம ஃப்ரீடவுனுக்கு இறங்கணும். கிளம்பினாலும் அண்ணன் நாளைக்குத்தான் வந்து சேர முடியும். அதுக்கும் பிரஸ்ஸல்ஸ் போற காசைவிட அதிகமா கேக்கறாங்க."

"பஸ்?"

"மூணு நாளாகும். பிணவறையில கரண்டே இருக்க மாட்டேங்குது. இன்னிக்கு அடக்கம் பண்ணியே ஆகணும்."

மணி இரண்டேகால். மூன்று மணிக்குச் சர்ச்.

"பெட்டியை மூடிடவாம்மா?" மூன்றாவது முறையாகக் கேட்டான் பெட்டிக்காரன்.

"பிரஸ்ஸல்ஸ்லேருந்து தம்பி வந்து இறங்கிட்டான். விமான நிலையத்துலேருந்து படகுல வந்துட்டிருக்கான். பத்து நிமிஷம்!"

மொடுப்பே வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

இரண்டு ஐம்பதுக்கு ரோலண்ட் ஓடி வந்தான். முழங்கால் வரை நனைந்த பேன்ட். பையை வாசலிலேயே போட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைத் தடவித் தடவி அழுதான்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், சித்தியே அவனுக்குச் சோறும் மரவள்ளிக்கீரைக் குழம்பும் எடுத்து வந்தாள்.

"பிரஸ்ஸல்ஸ்லேருந்து பறந்து வந்தியே, நீதாண்டா பிள்ளை!"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ரோலண்ட் தட்டைத் தொடவில்லை.

மொடுப்பேயின் போன் ஒலித்தது. பாஞ்சூலிலிருந்து அண்ணன் அகிபோ. சித்தி பிடுங்கிக்கொண்டாள்.

"ஏண்டா, டிக்கெட் விலையைப் பார்த்ததும் பெத்தவ மறந்து போயிட்டாளா? சின்னவனுக்கு இருக்கற பாசம் உனக்கு ஏண்டா இல்லே?"

"தப்புதான் சித்தி," என்றான் அகிபோ. "ரோலண்ட் வந்துட்டானா? அம்மா முகத்தைப் பார்த்தானா?"

"பார்த்தான். அவனாவது வந்தானே!" சித்தி போனைத் துண்டித்தாள்.

ரோலண்ட் எழுந்துவிட்டான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"சித்தி, எனக்கு எட்டு மாசமா வேலை இல்லை. என்னால வர முடியாதுன்னு சொல்லிட்டேன். 'கையில ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கு. நான் கிளம்பினாலும் அடக்கத்துக்கு முன்னாடி வந்து அம்மாவைப் பார்க்க முடியாது, நீயாவது பாரு. நான் அனுப்பினேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு, எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே அண்ணன்தான்!"