திறந்து கிடந்த இடப்பக்கம்

நாலாம் நம்பர்க்காரி தன் அணியின் கோல் வலைக்குப் பின்னால், மட்டை நுனியில் ஹொக்கி வட்டோடு நின்றாள்.

அவளிடமிருந்து வட்டைப் பறித்ததாக இந்த சீசனில் யாரும் பெருமையடித்துக்கொள்ள முடியாது. எதிரணியின் கெட்டிக்காரி அவள்தான்.

ஆட்டம் சமநிலை. அடுத்த கோலை அடிப்பவர்கள் இறுதிப்போட்டிக்குப் போவார்கள்.

அவளை மறிக்கப் போனது என் மகள் மிருணாளினி.

பக்கத்தில் இருந்த சிறிதரனுக்கு ஐஸ் ஹொக்கியில் ஆனா ஆவன்னா தெரியாது. நோபல் பார்க் என்கிற எங்கள் ஊரில் அயலவர். முதல் தடவையாக என்னோடு வந்திருந்தார், குளிருக்கு இரண்டு ஜக்கெட் போட்டுக்கொண்டு. என் மனைவி ரஞ்சினி ஏன் எதிர்ப்பக்கத்தில் போய் இருக்கிறாள், வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று வந்ததிலிருந்து துருவிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்றால் மனிதர் நம்புவதாயில்லை.

மிருணாளினி கோல் அடிப்பவள் அல்ல. முன்வரிசையில் முதலாவதாக ஓடுகிறவள். வட்டு வைத்திருப்பவளுக்கு ஒரு பக்கத்தை அடைத்து மற்றப் பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டும், அங்கே தோழிகள் காத்திருப்பார்கள். கடைசியில் கோல் அடித்தவளைத்தான் எல்லாரும் கட்டிப்பிடிப்பார்கள். இவளை யார் கண்டது?

இன்று அவளுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: நாலாம் நம்பரின் இடப்பக்கத்தை அடை. சொன்ன இடத்தில் நிற்காவிட்டால் அணியில் இடம் இல்லை என்று பயிற்சியாளர் போன கிழமைதான் எச்சரித்திருந்தார்.

அவள் வலப்பக்கம் போய் நின்றாள்.

இடப்பக்கம் ஒரு லொறியே போகலாம். அவ்வளவு வெளி.

"லெஃப்ட், மிருணா, லெஃப்ட்!" பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார்.

மிருணாளினி அசையவில்லை. சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரி.

பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தாள்.

நாலாம் நம்பர் பதறித் திரும்பினாள். திறந்து கிடந்த பக்கம் அல்ல, வலப்பக்கம். நேரே மிருணாளினியின் மட்டைக்கு.

வட்டு தெறித்து வலைக்கு முன்னால் போனது. அங்கே நின்ற தோழி அதை உள்ளே தட்டிவிட்டாள்.

கோலுக்கான சங்கு ஊதியது. எல்லாரும் அந்தத் தோழியின் மேல் விழுந்தார்கள். பயிற்சியாளர் மட்டும் மிருணாளினியையே பார்த்துக்கொண்டு நின்றார், வாய் மூடவில்லை.

எனக்குப் பெருமைதான். ஆனால் கைதட்டவில்லை. எதிரே ரஞ்சினியும் தட்டவில்லை. காலையில் பேசி முடித்த ஒப்பந்தம் அது. கண்ணைத் துடைக்கக்கூடாது என்று பேசவில்லைத்தானே. இரண்டு பேரும் துடைத்தோம்.

தோற்ற அணி தலையைக் குனிந்துகொண்டு வெளியேறியது. நாலாம் நம்பர் மட்டும் நின்று, மிருணாளினியைப் பார்த்துத் தன் மட்டையால் பனியில் தட்டினாள். இந்த விளையாட்டில் கைதட்டல் அதுதான். நான் இன்னொரு தடவை கண்ணைத் துடைத்தேன்.

சிறிதரனுக்கு மண்டை குடைந்தது.

"அண்ணை, அந்தப் பக்கம் வெறுமையாக் கிடந்ததெல்லோ? பிறகேன் அந்தப் பெட்டை இங்கால திரும்பினவள்?"

அவருக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

வீட்டுக்குள் மணக்கக்கூடாது என்று ரஞ்சினி மீன் பொரிப்பது கராஜில். கதவைத் திறந்தால் இடப்பக்கம் அடுப்பு, அதன்மேல் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. மழை நாட்களில் பிள்ளைகள் இருவரும் மட்டையும் பந்துமாக மல்லுக்கட்டி வளர்ந்தது அந்தக் கராஜில்தான்.

மிருணாளினியின் அக்கா அவசரத்தில் இன்றைக்கும் இடப்பக்கம் திரும்பமாட்டாள்.