திரும்பாத வண்டி

கார் எதன் மேலோ ஏறி இறங்கியதும், ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“யார் மேலயோ ஏத்திட்டேன்டி!”

“நிறுத்தாத, போயிட்டே இரு,” என்றாள் பக்கத்திலிருந்த தங்கை.

“ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேனே?”

“கண்ணாடியைக்கூடப் பார்க்காதக்கா!”

அழுதுகொண்டே ஓட்டி ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள். மேனேஜர் சிரித்தார்.

“இன்னொரு நாள் லேட்டானா வேலை போயிடும்னதும் சோம்பேறித்தனம் பறந்துடுச்சு போல!”

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோம்பேறித்தனமாம்! ஏறி இறங்கியது தெருமுனை வேகத்தடை. அங்கே ஆளைக் கொன்றுவிட்டதாக மனசு அலற, தினமும் பத்துத் தடவை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அக்கா வேலைக்கு வருவாள். அது நோய், திரும்பாமல் போய்ப் பழகு என்றார் டாக்டர். இன்றுதான் முதல் தடவையாகத் திரும்பாமல் வந்திருக்கிறாள்.

பதில் சொல்ல வாயெடுத்த தங்கையை அக்கா கையமர்த்தினாள். மனசுக்குள் அந்த ஆள் இன்னும் ரோட்டில் துடித்துக்கொண்டிருக்க, “குட் மார்னிங் சார்” என்று நிமிர்ந்து உள்ளே போனாள்.