இருபது திரைகளிலும் அதே விடை

பீப்... பீப்... பீப்...

லேப் மூலையிலிருந்த யு.பி.எஸ். கத்த ஆரம்பித்ததும் கலைப்பிரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

திண்டிவனத்தில் இன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை பேப்பரில் வந்திருந்தது. அவள் பார்க்கவில்லை.

மின்விசிறிகள் நின்றன. கம்ப்யூட்டர்கள் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய பேட்டரி. பத்து நிமிடம் தாங்கினாலே அதிகம்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் அப்பாதுரையின் தலை ஆட வேண்டும்.

அப்பாதுரை கல்லூரியின் கணிதத் துறைத் தலைவர். இருபத்தாறு வருடமாக அல்ஜீப்ரா நடத்துகிறவர். சாக்பீஸைத் தவிர வேறு கருவி தொட்டதில்லை. கடைசி வரிசையில் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

வாரம் ஒரு மணி நேரம் லேப் கேட்டு நடையாய் நடந்தவள் அவர் துறை ஆசிரியை கலைப்பிரியா. ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். இன்று கடைசி வியாழன். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து இந்த மணி நேரம் காமர்ஸ் துறைக்கு. அவர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அல்ஜீப்ராக் கணக்குப் போடும் மென்பொருளுக்குச் செலவே இல்லை. உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, எல்லாருக்கும் பொதுவில் வைத்தது. உள்ளே பிரித்தும் பார்த்துக்கொள்ளலாம். அவளே பென் டிரைவில் கொண்டுவந்து இருபது மெஷினிலும் ஏற்றினாள்.

மூன்று வாரத்தில் வகுப்பே மாறிப்போனது.

போர்டில் குலம், உட்குலம் என்று அல்ஜீப்ராவின் குரூப் பாடத்தை எழுதினால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான் ஒலக்கூரிலிருந்து வரும் பூவரசன். போன வாரம் லேப்பில் மணி அடித்தும் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு உறுப்புள்ள குலத்துக்குள் எத்தனை குட்டிக் குலங்கள் ஒளிந்திருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு இடமாற்றக் கணக்கு.

ஒன்றும் இரண்டும் இடம் மாறுவது ஒரு மாற்றம். ஒன்றும் மூன்றும் இடம் மாறுவது இன்னொன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பெருக்கினால், அதாவது அடுத்தடுத்துச் செய்தால், என்ன வரும்?

ஒன்று, மூன்று, இரண்டு: ஒன்று மூன்றின் இடத்துக்கு, மூன்று இரண்டின் இடத்துக்கு, இரண்டு ஒன்றின் இடத்துக்கு. போன மாதமே போர்டில் போட்டுக் காட்டியிருந்தாள். புத்தகத்திலும் அதுதான்.

எல்லாரையும் என்டர் தட்டச் சொன்னாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்றது மெஷின்.

ஒரு மெஷின் இல்லை. இருபதும்.

கரன்ட் போன அதிர்ச்சியில் மெஷினுக்கு மூளை குழம்பிவிட்டது என்றான் பூவரசன். சிலர் சிரித்து, அப்பாதுரை எழுந்ததும் அடங்கினார்கள்.

“ஏம்மா, மூணு வாரமா இந்த மெஷினை நம்பியா பசங்களுக்குப் பாடம் நடத்திக்கினு இருந்த?”

கலைப்பிரியா மறுபடி அடித்துப் பார்த்தாள். அதே விடை. நேற்று வீட்டில் சரிபார்த்தபோது எல்லாம் பொருந்தியதே? அப்புறம்தான் உறைத்தது. அவள் போட்டுப் பார்த்தவை எல்லாம் பொதுவில் ஓர் எண்கூட இல்லாத, ஒன்றையொன்று தொடாத மாற்றங்கள். எந்தப் பக்கமிருந்து செய்தாலும் ஒரே விடைதான் வரும்.

அப்படியென்றால் இது?

பீப் சத்தம் வேகம் பிடித்தது. அவள் மூன்றாம் தடவையும் அதையே அடித்தாள். அப்பாதுரை வாசலைப் பார்த்து நடந்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

நிலோஃபர். கோட்டக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். வகுப்பில் வாயே திறக்காதவள். சார் ஒரு நிமிஷம் இருக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கணக்கை முன்பின்னாக மாற்றி அடித்தாள்.

ஒன்று, மூன்று, இரண்டு.

புத்தகத்தின் விடை.

மெஷின் தப்புப் பண்ணவில்லை என்றாள். புத்தகம் வலப்பக்கத்தில் இருப்பதை முதலில் செய்கிறது. மெஷின் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கலைப்பிரியா அவசரமாக மென்பொருளின் கையேட்டைத் திறந்தாள். தேடினாள். இருந்தது. இடமிருந்து வலம் என்று ஒரே ஒரு வரி. நான்கு வாரமாக அவள் தாண்டிப்போன வரி.

அப்பாதுரை திரும்பி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியின் மேல் விரல் வைத்துப் படித்தார். பிறகு நிலோஃபரை நகரச் சொல்லிவிட்டு அவள் சேரில் உட்கார்ந்தார்.

ஒற்றை விரலால் ஒரு கணக்கு அடித்தார். திருப்பி அடித்தார். இன்னொன்று. அதையும் திருப்பி.

வரிசை மாறினால் விடை மாறும். வருடா வருடம் அவர் வாயால் சொல்லி எழுத வைக்கிற வாக்கியம். ஒரு வருடமும் ஒருத்தரும் எழுந்து அவரை ஒரு நிமிடம் நிறுத்தியதில்லை.

நான்காவது கணக்கின் நடுவில் இருபது திரைகளும் இருண்டன.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த வியாழனும் லேப் உண்டு, காமர்ஸ்காரர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

எழுந்தவர் நிலோஃபர் பக்கம் திரும்பினார். மேடத்துக்கே பிடிபடாதது உனக்கு எப்படி ஒரு நிமிடத்தில் தெரிந்தது என்று கேட்டார்.

நிலோஃபர் கலைப்பிரியாவை ஒரு தரம் பார்த்தாள். கோபம் இல்லை. சின்னதாய்ச் சிரிப்புதான் இருந்தது.

“போன மாச டெஸ்ட்ல எட்டு கணக்கையும் நான் இந்த மெஷின் மாதிரியேதான் போட்டிருந்தேன் சார், எட்டுக்கும் மேடம் முட்டை போட்டாங்க... தப்புன்னு எனக்குத் தோணல, அதான் அந்தப் பேப்பரைக் கிழிக்காம வெச்சிருக்கேன்.”