ஒத்துப்பார்க்கும் துண்டு

"சாயம் கெட்டிருக்கு மேடம், அதுதான்—"

"சாயத்து மேல பழி போடாதீங்கண்ணே, நீங்க சரியா—"

"மூணு தடவை கழுவியாச்சு. என் கையே வெளுத்துப்போச்சு."

பரிசோதனைக்கூட டாக்டரான அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஒரே கண்ணாடித் தகட்டில், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியின் இரண்டு துண்டுகள். ஒன்று, வார்டில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நோயாளியுடையது. மற்றது, நோயில்லை என்று முன்பே தெரிந்த நல்ல சதை. சாயம் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று ஒத்துப்பார்க்க, ஒவ்வொரு தகட்டிலும் டெக்னீஷியன் சடகோபன் வைப்பது.

நல்ல சதையில் நரம்புச் சாயல் கொண்ட செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும். பொங்கலில் மிளகு மாதிரி. கூட்டம் கூடினால் புற்று என்று சந்தேகிக்க வேண்டும். 'வளர்' என்று சேதி வந்தால் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அவற்றில் இருந்தால், இந்தப் புதுச் சாயத்தில் பழுப்பாகும்.

நோயாளியின் துண்டில் மிளகு மிளகாகத்தான் இருந்தது.

நல்ல சதையில் கூட்டம் கூடியிருந்தது.

கூட்டம் முழுக்கப் பழுப்பு.

சாயம் கெட்டால் இரண்டிலும் அல்லவா கெட வேண்டும்?

"அண்ணே, அந்த நல்ல சதை நல்லதுதானா?"

"அதைப் போய்ச் சந்தேகப்படலாமா?" சடகோபன் சிரித்தார். "பீடி கிடையாது, தண்ணி கிடையாது. ஆளு கல்லுக்குண்டு."

நோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். நம்பர்தான் அவருக்கு ஆள்.

அவள் இழுப்பறையைத் திறந்து, அந்த நல்ல சதையைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியை எடுத்தாள். நம்பர் இல்லை. பேரும் இல்லை. சடகோபனின் குண்டு எழுத்தில், 'நார்மல். மார்ச் 2021.'

"யாருண்ணே இது?"

"பழைய கேஸ் மேடம். குடுங்க, வேற வெட்டித் தர்றேன்."

கை நீண்டது.

அவள் கொடுக்கவில்லை. கட்டியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

காலையிலிருந்து ஐந்து முறை சடகோபன் பாதி வேலையில் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டார். டிமிக்கி கொடுக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

அவர் இன்னும் கையை மடக்கவில்லை.

"அந்த மார்ச்சில ஒரு மாசம் மெடிக்கல் லீவு போட்டீங்களேண்ணே. என்ன ஆபரேஷன்?"