இரண்டு மணி நேரப் பகை

“என்னைப் புரட்டிப் போட நான் என்ன சாவி கொடுக்கிற பொம்மையா? மல்லாந்துதான் படுப்பேன்!”

பெரியவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

வீடு தேடி வந்து கட்டுப் போடும் நர்ஸம்மா அசரவில்லை.

“ஐயா, படியில விழுந்ததுல கால் ரெண்டும் ஓய்ஞ்சு போச்சு. ஒரே பக்கமா கிடந்தா தோல் நைஞ்சுடும். இடுப்புக்குக் கீழே புண்ணு இப்பவே ஆழம். இன்னும் கொஞ்சம் போனா எலும்பு. அப்புறம் ஆஸ்பத்திரியில கத்திதான்.”

“கத்தியாவது, கடப்பாரையாவது!”

நர்ஸம்மா மருமகளிடம் திரும்பினாள். ஒரு தலையணையை நோயாளியாக்கிப் பாடம் நடந்தது.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாத்தணும். தரதரன்னு இழுக்கக் கூடாது, தோல் உரியும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. முழங்காலுக்கு நடுவுல தலையணை. புரியுதா?”

“புரியுது சிஸ்டர். தொட விட்டாத்தானே? நேத்து இவர் திருப்பப் போனாரு. மாமா கடிச்சுட்டாரு.”

மகன் பரிதாபமாகக் கையை நீட்டினான். முழுசாக ஒரு பல்வரிசை. அதுவும் பல்செட்டின் வரிசை. நர்ஸம்மா அதற்கும் சேர்த்து மருந்து போட்டாள்.

கட்டு மாற்றும் நேரத்துக்கு மட்டும் பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துத் தாமே ஒருக்களிப்பார். மாற்றி முடித்ததும் தொப்பென்று மல்லாந்துவிடுவார்.

அடுத்த வாரம் வந்தபோது அறைக்குள் புது ஆள் ஒருவர். கட்டிலுக்கு இடப்பக்கம் நாற்காலி போட்டு, வேர்க்கடலை உடைத்துத் தின்றபடி மூக்கால் பாடிக்கொண்டிருந்தார். பெரியவரோ வலப்பக்கம் திரும்பி, அலமாரியை முறைத்துக்கொண்டு கிடந்தார்.

“யாரும்மா இது?”

“மாமாவோட தம்பி. மாமா கல்யாணத்துக்கு மொத நாள், தூங்கும்போது பாதி மீசையை வழிச்சுட்டாராம். அன்னையிலேர்ந்து மாமா இவர் மூஞ்சியைப் பார்க்கறதில்லை. குடும்ப போட்டோ எதை எடுத்தாலும் மாமாவோட முதுகுதான் இருக்கும். இப்போ என்னடான்னா, போன வாரத்துலேர்ந்து பாயைச் சுருட்டிட்டு வந்து ராப்பகலா இங்கேயே குடியிருக்காரு. படுத்துக் கிடக்கிறவரை வெறுப்பேத்தறதுல என்ன சுகமோ!”

அந்த நேரம் பார்த்துத் தம்பிக்காரர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிப் போய் வலப்பக்கம் போட்டு, அண்ணன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“என்னண்ணே, சுகமா?”

பெரியவர் கம்பியைப் பிடித்து, முக்கி முனகி, இடப்பக்கம் திரும்பினார்.

நர்ஸம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எழுந்திருங்கய்யா! இது நோயாளி படுத்திருக்கிற இடமா, உங்க சர்க்கஸ் கொட்டகையா? இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க!”

தம்பிக்காரர் அண்ணன் முதுகை ஒருமுறை பார்த்தார். கடலைத் தோலைத் துண்டில் கூட்டி அள்ளிக்கொண்டு வெளியேறினார்.

அன்றைக்குப் புண் நன்றாகச் சுருங்கியிருந்தது. ‘நம்ம கைராசி’ என்று நர்ஸம்மா தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் கட்டைப் பிரித்தவள் திடுக்கிட்டாள். புண் பழையபடி வாய் பிளந்து நின்றது.

“ஏம்மா, மருந்தை மாத்தினீங்களா? அதே மருந்துதானே?” என்று மருமகளைக் கேட்டாள்.

“மருந்தைத்தான் நீங்க துரத்தி விட்டுட்டீங்களே” என்றார் பெரியவர்.

“நானா? யாரைத் துரத்தினேன்?”

“அன்னைக்கு நீங்க பாடம் எடுத்தப்போ, என் தம்பி ஜன்னலுக்கு வெளியில நின்னு ஒண்ணு விடாம கேட்டுக்கிட்டிருந்தான். யார் சொன்னாலும் திரும்ப மாட்டேன், அவன் மூஞ்சியைப் பார்த்தா திரும்பிடுவேன்னு அவனுக்குத் தெரியும். அதான் ரெண்டு மணிக்கொருதரம் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சான். போய்க் கூட்டிட்டு வாங்கம்மா.”

நர்ஸம்மா கட்டுத்துணியைக் கீழே வைத்தாள்.

“இவ்வளவு தெரிஞ்சும் அவர்கிட்ட முகம் கொடுக்காம இருக்கீங்களே ஐயா? அப்படி என்ன தீராத கோபம்?”

பெரியவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா. அவன் காதுல போட்டுடாதீங்க. தெரிஞ்சா, வர்றதை நிறுத்திடுவான்.”