மூன்று பேர் சோபா

தாம்பரம் மார்க்கெட் பக்கத்து பர்னிச்சர் கடையில் ஹில்டா நான்காவது சோபாவில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரையே வெறித்துப் பார்த்தாள்.

"இதுல கழுத்து வலிக்கலைங்க," என்றாள் கணவனிடம்.

சுந்தர்சிங் கடைக்காரரிடம் கேட்டார். "மூணு மணி நேரம் உட்கார்ந்தா முதுகு பிடிச்சுக்காதே?"

"விருந்தாளிங்க அவ்வளவு நேரமா சார் உட்காருவாங்க?"

"சில பேர் லேசுல எழுந்து போக மாட்டாங்க."

"அந்த மாதிரி ஆளுங்களுக்கு மரபெஞ்சே ஜாஸ்தி சார்!"

ஹில்டாவின் முகம் சுருங்கிவிட்டது. "சோபாதான் வேணும்," என்றாள் வெடுக்கென்று.

"சின்ன ஃபிளாட்டுன்னீங்களேம்மா. ரெண்டு பேர் உட்கார்றது போதுமே?"

"இவர், நான், எங்கம்மா. மூணு பேருக்கு வேணும். ஜன்னலோரம் கச்சிதமா அடங்கும், நானே அளந்துட்டேன்."

பணம் கைமாறியது.

"எங்கே சார் இறக்கணும்?"

"ரயில்வே கேட் தாண்டி புது ஃபிளாட்ஸ். மாடியில யக்ஞநாராயணன் சார் வீடுன்னு கேளுங்க."

"அப்ப நீங்க?"

"நான் சுந்தர்சிங். கீழ் வீடு. டி.வி. அவர் வீட்டுலதான் இருக்கு. ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை படத்தைத் தரையில பாய் போட்டு உட்கார்ந்து பார்த்து முதுகே போச்சுங்க. டி.வி. வாங்க நமக்குக் கட்டுப்படியாகுமா? சோபாதான் முடிஞ்சுது."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அதுல நீங்க மூணு பேரும் உட்கார்ந்துட்டா, வீட்டுக்காரங்க எங்கே உட்காருவாங்க?"

"அதுக்கென்ன?" என்றாள் ஹில்டா. "எங்க பாய் அங்கேதானே கிடக்கு!"