ஆறு பேர் பெட்டி

"ரயில்ல தனி ரூம்பு எனக்கு எதுக்குங்க அம்மிணி? ஆறு பேர் படுக்கற பெட்டியிலயே போடுங்க."

"அதுல முன்னப்பின்ன தெரியாதவங்க இருப்பாங்க, ஐயா. பாஷையும் புரியாது. உங்க வயசுக்குத் தனி ரூம்தான் வசதி."

"தனியாப் படுக்கற வசதி ஊட்லயே வேண்டிய மட்டும் இருக்குதுங்க. அதுக்கு வியன்னா வரைக்கும் போகோணுமா?"

ரிஃபானாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலையிலிருந்து தான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

எதிர்முனையில் பொங்கியண்ணன். மூலனூர்க்காரர். வேலம்பாளையத்தில் வெகுகாலம் பனியன் யூனிட் நடத்தியவர். மனைவி போன பிறகு அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரோடு ஒதுங்கிவிட்டார். மகள் மோனிஷா வியன்னாவில் இருக்கிறாள். விமானத்தில் நேரே வந்து இறங்குங்கள் என்கிறாள். அவருக்கோ தன் பனியன்கள் போய் இறங்கிய ஆம்ஸ்டர்டாமை ஒரு முறை பார்த்துவிட்டு, அங்கிருந்து இரவு ரயிலில் மகளிடம் போக ஆசை.

யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டைப் பார்த்து, போன மழைக்காலத்தில் ஒரு நாள் கூப்பிட்டார். ரிஃபானா எடுத்து, "சிறகு டிராவல்ஸ்ங்க" என்றாள். அன்று தொடங்கிய பேச்சு, வெயில் வந்தும் ஓயவில்லை. விமான டிக்கெட்டை எல்லோரும் தாங்களே போட்டுக்கொள்ளப் பழகிவிட்ட காலம். அந்த எண்ணுக்கு இப்போது அழைப்பவர் அவர் ஒருவர்தான்.

அவர் கேட்காத சந்தேகம் இல்லை. முதலில் விசா, பிறகுதான் ரயில் என்று சொன்னாள். பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே பெயர் இருக்க வேண்டும் என்றாள். பகல் ரயில்கள் சிலவற்றில் டிக்கெட் வேறு, இருக்கைப் பதிவு வேறு என்று விளக்கினாள். இரவு ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி வேறு ஊருக்குப் போய்விடும், பெட்டி எண்ணைப் பார்த்துத்தான் ஏற வேண்டும் என்று அவள் சொன்னதிலிருந்து ஒரு வாரம் அவருக்குத் தூக்கமில்லை. மறுபாதியில் ஏறித் தொலைத்துவிட்டால் மகள் தன்னை எந்த ஊரில் போய்த் தேடுவாள் என்று தினமும் கேட்டார்.

ரிஃபானா ரயிலில் ஈரோட்டைத் தாண்டியவள் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பு நாவல்களில் எத்தனையோ ரயில்களில் போயிருக்கிறாள். பனி மூடிய ஸ்டேஷன்களையும், விடியும்போது ஜன்னலோரம் வந்து நிற்கும் மலைகளையும் அவருக்குச் சொல்வாள். அவர் உம் கொட்டிக் கேட்பார். அம்மா காலமாகி, தங்கையும் கல்யாணமாகிப் போன பிறகு அவள் சொல்வதற்கு உம் கொட்ட வேறு ஆளில்லை.

டிக்கெட் போட்டுவிட்டால் இந்தப் பேச்சு முடிந்துவிடும். அதுதான் அவளுடைய பயம். டிசம்பரில் கால அட்டவணை மாறும், பொறுங்கள் என்றாள். அது மாறியதும், கோடைக்குப் படுக்கைப் பதிவு இன்னும் திறக்கவில்லை என்றாள். திறந்ததும், விலை இறங்கட்டும் என்றாள். வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள் என்று சொல்லிவிடப் பலமுறை வாயெடுத்தாள். ஆனால் சொல்லவில்லை.

"இன்னைக்கு வளர்பிறை முகூர்த்தமுங்க" என்றார் பொங்கியண்ணன். "இன்னைக்கே போட்டுருங்க."

"அவசரமில்லீங்க ஐயா. அடுத்த வாரம் பார்த்தா..."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

 மோனிஷாவிடமே சொன்னால் அங்கிருந்தபடி போட்டுவிடுவாளே என்றாள் ரிஃபானா.

"அவகிட்டச் சொன்னா ரண்டே நிமிசத்துல போட்டுருவாளுங்க. அப்புறம் நான் யாருகூடப் பேசறது?"

ரிஃபானா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். இத்தனை மாதமும் தான் மட்டும்தான் நாளைக் கடத்திக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். கண் கலங்கியது. சரி, இன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அவர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். அட்வான்ஸைப் போனிலேயே அனுப்பிவிடத்தான் நினைத்தாராம். மனசு ஒப்பவில்லையாம். கடல் தாண்டிப் போகிற முதல் பயணம். வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துக் கையில் கொடுப்பதுதானே முறை? மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரருக்குக்கூட அப்படித்தான் கொடுத்தாராம்.

"அதனால சொல்லாமக் கொள்ளாம பஸ் ஏறி வந்துட்டனுங்க. இப்ப அருள்புரத்துல, உங்க ஆபீஸ் முன்னாலதான் நிக்கறன்."

ரிஃபானா எழுந்து நின்றாள். 

"பக்கத்து மெடிக்கல் ஷாப்புல கேட்டனுங்க" என்றார் அவர். குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை. "டிராவல்ஸ மூடி ஒரு வருசம் ஆச்சுங்கறாங்க. போன் எடுத்துட்டிருந்த புள்ளைய அன்னைக்கே வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்களாம். ஆபீஸ் போன் மட்டும் அந்தப் புள்ளைகிட்டயே இருந்துபோச்சாம்."

ரிஃபானா மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"டிக்கெட்டு கெடக்கட்டும் உடுங்க அம்மிணி. தட்டுல எடுத்து வெச்சதத் திருப்பி ஊட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நீங்க எங்க குடியிருக்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, வந்து குடுத்துட்டுப் போறன்."